வெயில் பட்ட பீர்

நீங்கள் வாங்கிக் கொடுத்த தேநீர் கொஞ்சம் துவர்க்கிறது. குறையாகச் சொல்லவில்லை, சார். தூள் நல்ல தூள்தான், கொதி அதிகமாகிவிட்டது. இன்னும் நாலு மடக்கு உள்ளே போனால் இந்தத் துவர்ப்பு எனக்குத் தெரியாது. கோப்பை காலியானதும் இன்னொன்று கேட்டாலும் கேட்பேன். நாக்கின் சுபாவம் அப்படி. முதல் மடக்கை வைத்து எதையும் எடை போடக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தை நானே ஒருமுறை மறந்தேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

நீங்கள் பேசச் சொன்னீர்கள். பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, எழுதித் தருகிறேன் என்றேன். பெரிய மனதோடு பேனாவைக் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனீர்கள். என் தங்கை செத்ததற்கு நேற்று வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னீர்களே, அதற்கும் நன்றி. ஆனால் அந்த ஆறுதலில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் பீர் ஆலையில் ருசி பார்க்கிறவள். இதைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கே போனாலும், "எங்க வீட்டுக்காரருக்கும் அந்த வேலைய வாங்கிக் குடுங்களேன், சம்பளமே வேணாம்" என்று யாராவது ஒரு பெண் சொல்லாமல் இருந்ததில்லை. உண்மையில் அது குடிக்கிற வேலை இல்லை, முகர்கிற வேலை. கசப்பு, புளிப்பு, இனிப்பு, உப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மற்றதையெல்லாம் மூக்குதான் சொல்கிறது. சளி பிடித்த நாளில் சாப்பாடு சப்பென்று இருப்பது அதனால்தான்.

எங்கள் ருசி அறைக்கு ஜன்னல் கிடையாது. பீரின் நிறத்தைப் பார்த்து மனம் முந்திக்கொள்ளக் கூடாது என்று சிவப்பு பல்பு போட்டிருப்பார்கள். ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் நடுவில் பலகைத் தடுப்பு இருக்கும், ஒருவர் முகம் சுளிப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. முன்னால் மூன்று கிளாஸ் வரும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. அந்த வேறு எது என்று சொல்ல வேண்டும். நாங்கள் வாசனை சோப்பு போடக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, மத்தியானச் சாப்பாட்டில் பூண்டைத் தொடக் கூடாது. என் வயதுப் பெண்கள் சென்ட் அடித்துக்கொண்டு போனால் நான் ஒதுங்கி நடப்பேன். கர்வத்தோடுதான் ஒதுங்குவேன்.

அந்த அறையில் முதல் நாற்காலி என்று ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர் தலையசைத்தால் பீர் லாரி ஏறும். உதட்டைப் பிதுக்கினால் ஒரு தொட்டி முழுவதும் சாக்கடைக்குப் போகும், முதலாளி வந்து கெஞ்சினாலும் போகும். அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறகு நான் என்பது யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்தது. பாட்டில் கழுவுகிறவர்கள் எனக்கு "மூக்கு" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். காலையில் நான் உள்ளே நுழையும்போது, "மூக்கு வந்தாச்சு, வாய மூடு" என்று கிசுகிசுப்பது காதில் விழும். கோபம் வந்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, முகவெட்டு கிடையாது, நாலு பேர் நடுவில் பேசத் தெரியாது. இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான்.

என் தங்கையைச் சின்னவள் என்றுதான் வீட்டில் சொல்வோம். குழந்தையில் அவளுக்குத் தனித் தட்டு வைத்தால் சாப்பிட மாட்டாள். என் தட்டில் இருப்பதுதான் வேண்டும். "அக்கா தட்டுலதான் ருசியா இருக்கு" என்பாள். அம்மா சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளிவிடுவேன். பொறுமையான பெண் என்று பேர் எடுத்தேன். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் பின்னால் எவ்வளவோ விட்டுக்கொடுத்தேன். அப்பா அம்மா போன பிறகு கீழ்வீட்டில் நானும் மாடியில் அவளும் இருந்தோம். மாடியிலும் ஒரு சின்ன அடுப்படி கட்டிக் கொடுத்திருந்தேன். நான் பூண்டு தாளிக்கும் வாசனையைக்கூட வீட்டுக்குள் விட மாட்டேன், அவளோ பூண்டில்லாமல் சாப்பிட மாட்டாள்.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். "அக்கா, உங்க ஆலையில எனக்கு ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அலுவலகத்தில் சேர்த்துவிட்டேன். ஒருநாள் ருசி அறையில் ஆள் ஒன்று குறைந்தது. "சும்மா வந்து உட்காரு, தோணுறதச் சொல்லு" என்று அவளைக் கூப்பிட்டதும் நான்தான். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தட்டை நானே நகர்த்தி வைத்தேன்.

அது புது பீர் இரண்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஆலையில் பீர் காய்ச்சுகிறவரை மாஸ்டர் என்போம். ஒல்லியான மனிதர், யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது பீரை ஒருநாள் கொடுத்துக் கேட்க மாட்டார். அதே பீரை அதே ஆட்களுக்குத் தினமும் கொடுப்பார், வாரக்கணக்கில் கொடுப்பார், ஒவ்வொரு நாளும் எவ்வளவு பிடித்தது என்று கேட்பார். முதல்நாள் பிடித்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. கடைசி நாளும் பிடிக்கிறதா என்று பார்ப்பார்.

இரண்டில் ஒன்று இனிப்புச் சாயல் உள்ளது. வாயில் வைத்ததும் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. இன்னொன்று அடிநாக்கைப் பிடித்துக்கொண்டு விடாத கசப்பு. நான் ஒரு மடக்கோடு கிளாஸைத் தள்ளி வைத்தேன். "இது பீர் இல்ல மாஸ்டர், கஷாயம். சாக்கடைக்கு அனுப்பிடுங்க" என்றேன். அறை முழுவதும் சிரித்தது. நான் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு நான் சொன்னதுதான் நடக்கும்.

அப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவளின் குரல் வந்தது. "எனக்கும் இப்பப் பிடிக்கல சார். ஆனா நாளைக்கு இதத் தேடுவோம்னு தோணுது. அந்த இனிப்பு பீர்தான் சீக்கிரம் திகட்டிடும்."

மாஸ்டர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

அடுத்த நாட்களில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். இரண்டாம் நாளும் கசப்பு கசப்பாகத்தான் இருந்தது. அதற்கு அப்புறம் ஒருநாள் அந்தக் கசப்புக்கு அடியில் வாட்டிய ரொட்டியின் வாசனை இருப்பது தெரிந்தது. முதலிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது, கசப்பு அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இன்னும் சில நாள் போனதும் கசப்பு அடிநாக்கை விட்டு முன்னுக்கு வந்து, பளிச்சென்று வந்த வேகத்தில் போகப் பழகிக்கொண்டது. வாய் சுத்தமாகிவிட்டதுபோல் இருக்கும். அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும். இனிப்பு பீருக்கு நேர்மாறாக நடந்தது. முதலில் குழைந்து பேசிய ருசி, நாளாக ஆக நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. கடைசியில் அந்த கிளாஸைப் பார்த்ததுமே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. பீர் மாறவில்லை, சார். அதே தொட்டி, அதே குளிர். மாறியது நாங்கள். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

என் நாக்கும் மாறியது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கசப்பு பீருக்கு முதல்நாள் கொடுத்த அடிமட்ட மதிப்பெண்ணையே கொடுத்துக்கொண்டிருந்தேன். சாக்கடைக்கு என்று சபையில் சொன்னவள், அது நன்றாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது. முடிவுநாளில் மாஸ்டர் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். எல்லாருடைய நாக்கும் எப்படி மெல்ல மெல்லத் திரும்பியது என்று விளக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்பத் தணிந்த குரலில், "உங்களுக்கு மட்டும் மாறவே இல்லையேம்மா. ஒரு நல்ல டாக்டரப் பாருங்க. வயசாக ஆக மூக்கு கொஞ்சம் மந்தமாகும், அது யாருக்கும் வர்றதுதான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதையும் ஒரு ருசி பார்க்கிறவளாக இருந்துதான் கவனித்தேன். முதல்நாள் அது தொண்டையில் நின்றது. சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அத்தனை பேரையும் கரித்துக் கொட்டினேன். பிறகு அதுவும் பழகிவிட்டது. பழகியதும் அதற்கு அடியில் வேறு ருசிகள் தெரிந்தன. அவள் சிரிப்பது கேட்டால், அவள் கைப்பை அலமாரியில் தொங்குவது கண்ணில் பட்டால், உள்ளே சுருக்கென்று ஒன்று வரும். ஒருநாள் அது வரவில்லையென்றால் நானாகத் தேடிப் போனேன்.

ஆலையில் முதலில் எங்களைப் பெரிய மூக்கு, சின்ன மூக்கு என்றார்கள். அதுவரை சரி. கொஞ்ச நாளில் சின்ன என்ற சொல் உதிர்ந்துவிட்டது. ஒரு காலை நான் நுழையும்போது பாட்டில் கழுவுகிறவர் ஒருவர் இன்னொருவரிடம், "மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல, அவங்க அக்காதான் வந்திருக்காங்க" என்று பதில் வந்தது.

பெரியவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. முதல் நாற்காலி சின்னவளுக்கு என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவள் கீழே வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

"அக்கா, அது உன் நாற்காலி. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் உட்கார மாட்டேன்."

"அசடு மாதிரி பேசாத. யார் உட்கார்ந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே பெருமை" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை. கேட்டு வாங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று வந்து நின்றாள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கிறவள் நான். அந்தப் பேரையும் அவளே எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பீரின் முதல் எதிரி வெயில். பழுப்பு பாட்டிலில் அடைப்பதே அதனால்தான். வெள்ளைக் கண்ணாடியில் ஊற்றி ஒரு காலைப்பொழுது ஜன்னலில் வைத்தால் போதும், நல்ல பீர் நாறிவிடும். அழுகிய முட்டைக்கோஸும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு நாற்றத்தைச் சேர்க்கிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஒரு வாசனை ஓயாமல் கூடவே இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். கசப்புச் சேர்க்கும் பூக்களை எங்கள் ஆலையில் ஒரு கிடங்கில் வைத்திருப்பார்கள். வெளியாள் உள்ளே வந்தால் கண்ணில் நீர் வரும். அங்கேயே வேலை செய்கிறவர், "என்ன வாசனை?" என்று கேட்பார். அதனால்தான் நான் வருஷத்துக்கு ஒருமுறை ஆலைப் பக்கமே போகாமல் லீவு போட்டு, மூக்குக்கு ஓய்வு கொடுத்து வருவேன். எங்கள் நாக்கைப் பற்றி மாஸ்டர் கண்டுபிடித்ததையேதான் நானும் எடுத்துக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கொடுத்தால் எதுவும் மாறும்.

வெயில் பட்ட பீரில் ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து, மூடியில்லாத சின்ன டப்பாவில் போட்டு, அவள் கட்டிலுக்குத் தலைமாட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தேன். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் போவேன். உள்ளே இருக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் மூக்கைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. தொடக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுதான். பிறகு மெல்ல மெல்லக் கூட்டினேன். மாடியின் மற்ற மூலைகளிலும் வைத்தேன். அவள் அடுப்படியில்கூட ஒன்று.

ஆரம்பத்தில் அவளுக்குத் தெரிந்தது. நல்ல மூக்கு, அதை நான் மறுக்கவில்லை. "அக்கா, மாடியில ஏதோ நாத்தம் வருதுல்ல?" என்று கேட்டாள். நான் மேலே போய், அவள் எதிரிலேயே நாலு மூலையிலும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே. ஆலைய வீட்டுக்குக் கொண்டு வராத" என்றேன். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அப்புறம் ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

ருசி அறையில் வெயில் பட்ட பீரைக் கண்டுபிடிக்கும் பயிற்சி எப்போதும் உண்டு. அதற்கு கிளாஸ்களை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. எந்த மோசடியும் செய்யவில்லை. மூன்று கிளாஸ், அதில் ஒன்று வெயில் பட்டது. கூட இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சுருக்கினார்கள். சின்னவள் மூன்றையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் விரல்கள் கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் தப்பானதைக் காட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை. அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒருமுறை என்றால் சளி என்பார்கள். அது தொடர்ந்தது. டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்றார். அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தத் தடவலில் பொய் இல்லை, சார். உண்மையாகவே பாவமாக இருந்தது. அவளுக்கு இந்தச் சுமை எதற்கு, பழையபடி அலுவலகத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். முதல் நாற்காலி விளையாட்டு இல்லை. அது தாங்குகிறவர்களுக்கு உரியது.

அப்புறம் லாரி விவகாரம் வந்தது. ஒரு லோடு பீரை யாரோ முற்றத்து வெயிலில் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், சாம்பிள் சின்னவளிடம் போனது. "நல்லா இருக்கு" என்று தலையசைத்தாள். சரக்கு கடைகளுக்குப் போய், அங்கிருந்து முகத்தில் அடித்தாற்போல் திரும்பி வந்தது. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி வேறு வழியில்லை, நாற்காலி என்னிடம்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"உங்க தங்கைய ரெண்டு வாரம் வெளியூர் அனுப்பிடுங்க. பீர் கண்ணுலயே படக் கூடாது. அவங்க மூக்கு களைச்சுப் போயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. அது வரைக்கும் நாற்காலி காலியாவே இருக்கட்டும்" என்றார்.

"காலியாவா?"

"அந்த மாதிரி ஒரு மூக்கு இன்னொண்ணு கிடைக்காதும்மா" என்று என்னிடமே சொன்னார். கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்பதையே அவர் மறந்திருந்தார்.

சின்னவள் சித்தி வீட்டுக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்தாள். போனால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு வாரத்தில் மூக்கு திறந்துகொள்ளும். திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தால் டப்பாக்களை எடுத்த பிறகும் சுவர் நாறுவது தெரியும். நாற்காலியில் உட்காருவாள். அக்கா, நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு என்பாள்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாயங்காலம் அவளுக்கு ரயில். பெட்டியைக் கட்டக் கை கொடுக்கலாம் என்று மாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

கேஸ்.

பஞ்சின் நாற்றமும் கேஸின் நாற்றமும் எனக்குக் குழம்பாது. அக்காவையும் தங்கையையும் தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரிவதுபோலத்தான். இது புதியது, கூர்மையானது, மேலேயிருந்து இறங்கி வந்தது. அடுப்புக் குழாயில் எங்கோ விரிசல். அதில் என் கை இல்லை, அதை நீங்களே பரிசோதித்துவிட்டீர்கள். ஊருக்குப் போகிறவள் ஜன்னல்களையெல்லாம் சாத்தித் தாழ் போட்டிருந்தாள். கதவு மட்டும் திறந்திருந்தது. நான் மேலே போய் வாசற்படியில் நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. உட்காரு, டீ போடறேன்."

நான் உட்காரவில்லை. "இங்க ஏதாவது வாசனை வருதா உனக்கு?" என்று கேட்டேன்.

கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள். ருசி அறையில் நான் சொல்லிக் கொடுத்தபடி, சின்னச் சின்னதாக மூன்று இழுப்பு, அப்புறம் நீளமாக ஒன்று. அவ்வளவு சிரத்தையாக முகர்ந்தாள். கண்ணைத் திறந்தபோது அதில் அந்தப் பழைய பயம் இருந்தது.

"ஒண்ணும் தெரியலக்கா. ஏன், ஏதாவது வருதா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்" என்றேன். "பால் இருக்கா?"

"இல்லக்கா, தீர்ந்துபோச்சு."

"தண்ணிய அடுப்புல வை. நான் கீழ போய் எடுத்துட்டு வரேன்."

பூனை உள்ளே போய்விடும் என்று கதவை இழுத்துச் சாத்தினேன். எப்போதும் சாத்துவதுதான். படியிறங்கி, என் வீட்டைத் தாண்டி, வாசல் கேட் வரைக்கும் நடந்தேன். பால் உள்ளே இருந்தது என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வந்தபோது நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வரைக்கும் இதை யாரிடமும் சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ருசி அறையில் அவளுடைய படத்தை மாட்டியிருக்கிறார்கள், முதல் நாற்காலிக்கு நேர் மேலே. அந்தக் கசப்பு பீருக்கு அவளுடைய பேரை வைக்கப் போகிறார்களாம். நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். கசப்பு பீர் வந்தது. ஒரு மடக்கு குடித்தேன். நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது. தலையசைத்தேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுமைக்காரி என்று பேர் எடுத்தவள் நான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "உங்கள நீங்களே நொந்துக்காதீங்கம்மா. கசிவு ரொம்பச் சின்னது. ஆலையில எல்லாரும் சொன்னாங்க, உங்க தங்கச்சி மாதிரி ஒரு மூக்கு கிடையவே கிடையாதுன்னு. அந்த மூக்குக்கே தெரியலன்னா, வாசல் வரைக்கும் வந்துட்டுப் போன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

ராத்திரி முழுவதும் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. நீங்கள் நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள். ஆனால் பதில் தெரிந்தவள் சும்மா இருந்தால் அது உங்கள் அறிக்கையில் அப்படியே நின்றுவிடும். நான் பொறாமையில் எதையும் செய்யவில்லை, சார். எது உண்மையோ அது சரியாகப் பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

தேநீர் தீர்ந்துவிட்டது. நான் சொன்னபடியே துவர்ப்பு போய்விட்டது. இன்னொன்று கிடைத்தால் நல்லது.

பஞ்சு வைத்தது நான். கதவைச் சாத்தியது நான். தண்ணீரை அடுப்பில் வைக்கச் சொன்னதும் நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். எனக்குத் தெரிந்தது. பாதிப் படியிலேயே தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.